சிட்ரஸும் மரமும் கலந்த பெர்ஃப்யூம்: அறிகுறியைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?

"அலுவலகத்துக்கும் ஆகும், கல்யாணத்துக்கும் ஆகும்" என்று கடைக்காரர் நீட்டும் ஆண்கள் பெர்ஃப்யூம் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. மேலே ஆரஞ்சு, எலுமிச்சை, கிரேப்ஃப்ரூட். அடியில் தேவதாரு, வெட்டிவேர். வாங்கி வந்த சில நாட்களில் புகார்கள் தொடங்கும். மணம் நிற்கவில்லை, தலை வலிக்கிறது, கடையில் முகர்ந்த மாதிரி இல்லை. குறை சில சமயம் குப்பியில் இருக்கும். பல சமயம் அதை முகர்ந்து பார்த்த விதத்தில் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அடுத்த குப்பி வாங்குவது காசுக்குக் கேடு.

பேசுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். பிரான்ஸின் எர்மேஸ் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட டெர் டெர்மேஸ் என்ற ஆண்கள் பெர்ஃப்யூமை எடுத்துக்கொள்கிறேன். உருவாக்கியவர் ழான் குளோத் எலெனா. ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட், மிளகு, ஜெரேனியம், தேவதாரு, வெட்டிவேர், சிறிது பச்சோலி (ஒரு வாசனை இலை) என்று சில பொருள்களை மட்டும் வைத்துக் கட்டியது. இந்த வகையில் பின்னால் வந்த பலவற்றுக்கு அதன் சாயல் உண்டு. உங்களிடம் இருப்பது வேறு குப்பியாக இருந்தாலும் கீழே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு விஷயம். இந்த வகைப் பெர்ஃப்யூம் உண்மையில் இரண்டு பெர்ஃப்யூம்கள். முதல் இருபது முப்பது நிமிடம் ஒன்று. அதற்குப் பிறகு மாலைவரை இன்னொன்று. கடையில் நாம் மயங்குவது முதலாவதில். காசு கொடுப்பது இரண்டாவதுக்கு. கீழே வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

## ஒரு மணி நேரத்தில் மணம் போய்விடுகிறது

அதிகம் கேட்கும் புகார் இது. இதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. எது உங்களுடையது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காலையில் சட்டையின் உள்பக்கம், நெஞ்சருகே ஒரு முறையும், முழங்கையின் உள்மடிப்பில் ஒரு முறையும் அடித்துக்கொள்ளுங்கள். கழுத்தில் வேண்டாம், மூக்குக்கு நேர் கீழே இருந்தால் மூக்கு சீக்கிரம் சலித்துப்போகும். மதியம் வெளியே கொஞ்சம் நடந்துவிட்டு வந்து, இரண்டு இடங்களையும் முகர்ந்து பாருங்கள்.

ஆரஞ்சு வாசனை மட்டும் போய், காய்ந்த மரமும் வேரும் போன்ற ஒன்று மெலிதாக இருக்கிறதா? அப்படியானால் எந்தக் கோளாறும் இல்லை. ஆரஞ்சுத்தோல் எண்ணெயில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். சிறிய மூலக்கூறு, உடம்புச் சூட்டில் சட்டென்று ஆவியாகிவிடும். அதை மணிக்கணக்கில் பிடித்து வைக்க எந்த நிறுவனத்தாலும் முடியவில்லை. 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபரினா என்ற வாசனைத் தயாரிப்பாளர் தொடங்கிய கொலோன் வகை முழுக்கவே இந்த நிலையாமையின் மேல் கட்டியதுதான். அடிக்கடி பூசிக்கொள்வதுதான் அதன் முறை. மரம் கலந்த வகையில் சிட்ரஸ் ஒரு கதவு மட்டுமே. "பன்னிரண்டு மணி நேரம் எலுமிச்சை" என்று அட்டையில் போட்டிருந்தால் உள்ளே இருப்பது எலுமிச்சை அல்ல என்று அர்த்தம்.

கையில் எதுவும் தெரியவில்லை, சட்டையில் தெரிகிறது என்றால், உங்கள் தோல் வறண்டதாக இருக்கலாம். குளித்த ஈரம் முழுதாகக் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ தேங்காயெண்ணெயில் ஒரு துளியோ தடவி, அதன்மேல் அடித்துப் பாருங்கள். தேங்காயெண்ணெய்க்குச் சொந்த மணம் உண்டு. அது பிடிக்காதவர்களுக்கு வாஸ்லின் மேல்.

மூன்றாவதுதான் சுவையானது. உங்களுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் பக்கத்து இருக்கைக்காரர் "நல்ல வாசனை, என்ன அது?" என்று கேட்கிறார். இந்த வகைப் பெர்ஃப்யூம்களின் அடித்தளத்தில் ஐசோ ஈ சூப்பர் என்ற பொருள் தாராளமாக இருக்கும். 1970-களில் அமெரிக்காவின் ஐ.எஃப்.எஃப். நிறுவனத்தில் உருவானது. இழைத்த தேவதாருவைப் போல வழவழப்பான, மெல்லிய மணம். எலெனாவுக்கு மிகவும் பிடித்த பொருள். டெர் டெர்மேஸில் அதன் பங்கு மிகப் பெரியது. அதே 2006-இல் கேசா ஷோன் என்ற ஜெர்மானியர் இதை மட்டுமே ஆல்கஹாலில் கரைத்து மாலிக்யூல் 01 என்று விற்கத் தொடங்கினார். இந்தப் பொருளின் குணம், அது தோன்றித் தோன்றி மறையும். சிலருக்கு அறவே தெரியாது. தெரிபவர்களுக்கும் சிறிது நேரத்தில் மூக்கு பழகிவிடும். பிறகு யாரோ கதவைத் திறக்கும்போது திடீரென்று மறுபடி வரும்.

ஆகவே "எனக்குத் தெரியவில்லை" என்பது "மணம் இல்லை" என்பதற்குச் சான்று ஆகாது. வீட்டில் உள்ளவரிடம் கேளுங்கள். அதுவும் "வாசனை வருகிறதா?" என்று கேட்டால் வருகிறது என்றே சொல்வார்கள். எதுவும் சொல்லாமல் அருகில் போய் நின்று, அவர்களாகச் சொல்கிறார்களா என்று பார்ப்பது மேல். மனைவியிடம் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும், நண்பர்களிடம் செய்யாது.

வீட்டார் யாருக்கும் தெரியவில்லை, சட்டையிலும் இல்லை என்றால் மட்டுமே குப்பியைக் குறை சொல்லலாம். ஒன்று சரக்கு மெலிந்தது, அல்லது போலி. அதற்குக் கீழே வருகிறேன்.

## அடித்தவுடன் தரை துடைக்கும் திரவம் போல நெடி

முதல் அரை நிமிடத்தில் வருவது ஆல்கஹால். அதை முகர வேண்டிய அவசியமே இல்லை. அடித்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். மணிக்கட்டை மணிக்கட்டோடு தேய்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். "மூலக்கூறு உடைந்துவிடும்" என்று சொல்வது கட்டுக்கதை. ஆனால் தேய்க்கும் சூட்டில், நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய அந்தச் சிட்ரஸ் இன்னும் வேகமாக ஓடிவிடும்.

இரண்டு நிமிடம் கழித்தும் பாத்திரம் தேய்க்கும் திரவம் நினைவுக்கு வருகிறதா? நம் ஊரில் எலுமிச்சை வாசனையைச் சமையலறைத் தொட்டியோடும் கழிவறையோடும் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெர்ஃப்யூம் செய்பவர் என்ன செய்வார்! நல்ல சரக்கா மலிவா என்று அறிய எளிய வழி உண்டு. ஓர் ஆரஞ்சையோ சாத்துக்குடியையோ உரித்து, தோலை மடக்கிப் பிழியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் பொடிப்பொடியாகத் துளிகள் தெறிப்பது கண்ணுக்கே தெரியும். அந்த வாசனையில் இனிப்பு இருக்கும், கசப்பு இருக்கும், இலைப் பச்சையும் கொஞ்சம் இருக்கும். உடனே குப்பியை முகருங்கள். பெர்ஃப்யூமில் இனிப்பும் புளிப்பும் மட்டும் இருந்து கசப்பே இல்லையென்றால் அது மிட்டாய் எலுமிச்சை. டெர் டெர்மேஸில் அந்தக் கசப்பு தூக்கலாகவே இருக்கும். சிலருக்கு அது பிடிக்காமல் போவதும் அதனால்தான்.

இருபது நிமிடம் ஆகியும் உலோகம் போல, சலவைத் தூள் போல இருந்தால், டைஹைட்ரோமிர்செனால் என்ற செயற்கை வாசனைப் பொருள் அதிகம் என்று அர்த்தம். 1982-இல் டிராக்கார் நுவார், 1988-இல் கூல் வாட்டர் என்ற இரண்டு பெர்ஃப்யூம்கள் இதை ஆண்களின் வாசனையாக நிலைநிறுத்தின. சலவைத் தூள்காரர்களும் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். கெட்ட பொருள் அல்ல. ஆனால் மரத்தின் மணத்தை மூடிவிடும்; மரத்துக்காக வாங்குபவர் தவிர்க்கலாம்.

## பென்சில் சீவிய வாசனை, ஈர மண், கொஞ்சம் வியர்வையும்

பென்சில் வாசனை வருகிறதென்றால் தேவதாரு வகை ஒழுங்காக இருக்கிறது என்று மகிழுங்கள். பழைய பென்சில்கள் வர்ஜீனியா சீடர் மரத்தில் செய்யப்பட்டவை. பெர்ஃப்யூமிலும் அதன் எண்ணெய் உண்டு. மண்ணும் வேரும் வெட்டிவேரின் வேலை. மண்பானைத் தண்ணீரில் அதைப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் கடலூர்ப் பக்கத்து மணலில் பிடுங்கிய வேரின் மணத்தையே குப்பியிலும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பெர்ஃப்யூம் தொழிலுக்குப் போகும் வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பங்கு ஹைட்டி நாட்டிலிருந்து வருகிறது. அது சுத்தமானது, லேசாகக் கிரேப்ஃப்ரூட் சாயலும் கொண்டது. ஜாவா எண்ணெயில் புகை அதிகம். சிட்ரஸோடு வெட்டிவேர் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்வதற்கு ஹைட்டி எண்ணெயின் அந்தச் சாயலும் ஒரு காரணம்.

வியர்வை வாடை வேறு கதை. கிரேப்ஃப்ரூட்டின் தனி மணத்துக்கு ஒரு கந்தகச் சேர்மம் காரணம். அணுவளவு இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். அக்குள் வியர்வையின் நாற்றத்திலும் கந்தகச் சேர்மங்கள் உண்டு. இரண்டும் சேரும்போது சிலர் மூக்கில் "குளிக்காதவர்" என்ற பதிவு விழுகிறது. மே மாதத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். அக்குளுக்கு வாசனையில்லாத டியோடரன்ட் போடுங்கள். பெர்ஃப்யூமை அக்குளுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். முழங்கை மடிப்பும் சட்டையின் உள்பக்கமும் போதும். வியர்வையை மறைக்க இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவது எரிகிற தீயில் எண்ணெய்.

## கடையில் ஒரு மணம், வீட்டில் வேறு மணம்

கடையில் குளிர்சாதனம் ஓடுகிறது. காகிதச் சீட்டில் முகர்ந்தீர்கள். அதற்கு முன்பே நாலைந்து சென்ட் மூக்கில் ஏறியிருக்கிறது. வீட்டில் முப்பத்தைந்து டிகிரி வெயில், சொந்தத் தோல். வேறுபடாவிட்டால்தான் ஆச்சரியம். காபிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று கடைகளில் ஒரு கிண்ணத்தை நீட்டுவார்கள். வெறும் காற்றைவிட அதில் பெரிய பலன் இல்லை. உங்கள் சட்டைத் துணியை முகருங்கள், அல்லது வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வாருங்கள்.

காகிதச் சீட்டைத் தூக்கி எறியாமல் பையில் வைத்துக்கொண்டு வந்து, இரவு முகர்ந்து பார்ப்பது நல்ல வழக்கம். தோலில் ஒன்று, சீட்டில் ஒன்று, அவ்வளவுதான்; ஒரே நாளில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

அடுத்து, பெயர்க் குழப்பம். டெர் டெர்மேஸ் என்ற ஒரே பெயரில் 2006-இன் ஓ தெ துவாலெட் (செறிவு குறைந்த வகை) உண்டு, 2009-இன் பர்ஃபம் (செறிவு கூடிய வகை) உண்டு, 2018-இல் கிறிஸ்டீன் நாஜெல் செய்த ஓ இன்டென்ஸ் வெட்டிவேர் உண்டு, 2022-இன் ஓ ஜிவ்ரே உண்டு. நாலும் நாலு விதம். பர்ஃபமில் மரம் கனமாக இருக்கும், சிட்ரஸ் அடங்கியிருக்கும். ஓ ஜிவ்ரே நேர் எதிர். "அதே பெயர்தானே" என்று சலுகை விலையில் வந்ததை எடுத்துவிட்டு மணம் மாறிவிட்டது என்பவர்கள் முதலில் அட்டையின் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். மற்ற நிறுவனங்களிலும் இதே கதைதான்.

கடைசியாகத்தான் போலி. அட்டைப் பெட்டியின் அடியில் உள்ள பேட்ச் எண்ணும் குப்பியின் அடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். மூடி ஆடக்கூடாது; ஸ்பிரே குழாய் உள்ளே வளைந்து சுருண்டு கிடக்கக்கூடாது; அழுத்தினால் புகைபோல மெல்லிய சாரல் வர வேண்டும், ஒழுகும் கோடாக வரக்கூடாது. இவையெல்லாம் நன்றாக இருந்தும் போலியாக இருக்கலாம், ஏனென்றால் அட்டையைப் போலி செய்வதுதான் சுலபம். மூக்குச் சோதனை நான்காவது மணி நேரத்தில் இருக்கிறது. போலி செய்பவர் முதல் ஐந்து நிமிடத்தை அச்சு அசலாகப் பிடித்துவிடுவார், லிமோனீன் மலிவு. அடித்தளத்துக்கு அவர் செலவழிப்பதில்லை. நான்கு மணி நேரம் கழித்து ஒன்றுமே இல்லை, அல்லது வெறும் சர்க்கரைத் தித்திப்பு மட்டும் இருக்கிறது என்றால் சந்தேகப்படலாம். நம்பகமான கடையின் டெஸ்டரை ஒரு கையிலும் உங்களுடையதை மறு கையிலும் அடித்துக்கொண்டு அந்த நான்காவது மணி நேரம்வரை காத்திருப்பதைவிட உறுதியான வழி இல்லை.

## தலைவலி

முதலில் அளவைக் குறையுங்கள். ஓர் அழுத்துக்குச் சுமார் 0.1 மில்லிலிட்டர் வெளிவருகிறது. மூடிய அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு இரண்டு அழுத்து போதும். தனக்கு மணம் தெரியவில்லை என்று ஏழெட்டு அழுத்து அடித்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறுகிறவர் பிறருக்குத் தலைவலி தருகிறார். தனக்கு வலிக்காததால் அவர் புகார் சொல்வதில்லை, அவ்வளவே.

ஓர் அழுத்துக்கே நெற்றிப்பொட்டில் ஊசி குத்துவது போல இருந்தால் அது வேறு. கடந்த இருபது வருடத்துப் பெர்ஃப்யூம்களில் மர-ஆம்பர் வகைச் செயற்கைப் பொருள்கள் பெருகிவிட்டன. வறண்ட, கூரான, விடாப்பிடியான மணம். சிலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு அறை முழுக்க அதுவே தெரியும். இந்தப் பொருள்கள் சட்டையில் துவைத்த பிறகும் நிற்கும். அந்த வகை உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் பழக முயலாதீர்கள். மாற்றிவிடுங்கள்.

## தோல் சிவக்கிறது, திட்டு விழுகிறது

இதில் சோதனை செய்துகொண்டிருக்க வேண்டாம். நிறுத்துங்கள்.

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, வெயில். கசக்கிப் பிழிந்தெடுத்த பெர்கமாட் (ஒரு சிட்ரஸ் பழம்), எலுமிச்சை எண்ணெய்களில் உள்ள பெர்காப்டென் போன்ற பொருள்கள் தோலில் பட்டு, அதன்மேல் சூரிய ஒளி பட்டால் சிவந்து, பிறகு பழுப்புத் திட்டாக மாதக்கணக்கில் நிற்கும். பெரிய நிறுவனங்கள் பெர்காப்டென் நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. அளவுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஆபத்து அதிகம் வீட்டில் கலக்கும் எண்ணெய்களிலும், உள்ளடக்கம் எழுதாத குப்பிகளிலும்தான். கழுத்தில் பூசிக்கொண்டு வெயிலில் வண்டி ஓட்டுகிறவர் சட்டைக்குள்ளே அடித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று ஒவ்வாமை. லிமோனீனும், லினலூல் என்ற இன்னொரு வாசனைப் பொருளும் காற்றுப்பட்டுப் பழசாகும்போது தோலை உறுத்தும் பொருள்களாக மாறுகின்றன. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட 26 பொருள்களை அட்டையில் எழுத வேண்டும் என்ற விதி நெடுநாளாக இருந்தது. 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் விரித்தார்கள். அட்டையின் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

## சட்டையில் மஞ்சள் கறை

நிறமுள்ள திரவத்தை வெள்ளைச் சட்டையின் காலரில் கிட்டத்தில் வைத்து அடித்தால் கறை விழத்தான் செய்யும். உள்பக்கமாக, ஒரு சாண் தள்ளி அடியுங்கள். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை என்றால் துணியில் வேண்டவே வேண்டாம்.

## பழைய குப்பி: புளித்த வாடை, நகப்பூச்சு நெடி

இந்த வகையில் முதலில் சாவது சிட்ரஸ். வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் அதற்கு எமன். குளியலறை அலமாரி, டி.வி. மேஜை, காரின் முன்பக்கத் தட்டு ஆகிய மூன்று இடங்களிலும் வைக்கக் கூடாது. நம் வீடுகளில் வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பீரோவுக்குள் அட்டைப் பெட்டியோடு வையுங்கள்.

கெட்டுவிட்டதா என்று பார்க்க, அடித்து முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் கவனியுங்கள். ஆரஞ்சுக்குப் பதிலாகப் புளிப்போ வார்னிஷோ வந்து, கால் மணி நேரத்தில் மரம் பழையபடி தலைகாட்டினால், மேல்பகுதி மட்டும் போயிருக்கிறது. தோலில் பூச வேண்டாம். சட்டையின் உள்பக்கம் அடித்துத் தீர்க்கலாம். நிறம் கறுத்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சில பொருள்கள் இயல்பாகவே கறுக்கும். ரொம்ப நாள் தொடாத குப்பியில் முதல் அழுத்து மட்டும் மோசமாக வரும். அது குழாயில் தங்கியது. ஒன்றிரண்டு அழுத்தைக் காற்றில் விட்டுவிட்டுப் பாருங்கள்.

## ஸ்பிரே அடைத்துக்கொண்டது

தலையைக் கழற்ற முடிந்தால் வெந்நீரில் ஊறவைத்துத் துடையுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெருத்து, பிறகு சாரல் வராது, பீய்ச்சும்.

## "எல்லாவற்றுக்கும் ஏற்றது என்றார்கள், எனக்கு எதற்கும் பொருந்தவில்லை"

இதுதான் உண்மையான கேள்வி. மற்றவை எல்லாம் இயந்திரக் கோளாறு.

எல்லா இடத்துக்கும் ஏற்றது என்ற பெயரைச் சிட்ரஸ் வாங்கித் தருவதில்லை. அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அது போயிருக்கும். அடியில் உள்ள மரம் எவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்பதில்தான் அந்தத் தகுதி இருக்கிறது. தித்திப்பு இல்லாத, புகை அதிகமில்லாத, கை நீட்டினால் தொடும் தூரத்துக்குள் நிற்கும் மரம் குளிர்சாதன அறையிலும் நெருடாது, வெயிலிலும் திகட்டாது.

அதனால் மூன்று இடங்களில் தனித்தனியாகப் பாருங்கள்: நாள் முழுக்கக் குளிர்சாதன அறை, வெயிலில் அலையும் நாள், இரவு விசேஷம். முதலாவதில் தெரியாமல் போய் மற்ற இரண்டில் நன்றாக இருந்தால், இன்னும் ஓர் அழுத்து கூடுதலாகப் போதும். வெயிலில் மட்டும் கசந்தால் கிரேப்ஃப்ரூட் பிரச்சினை. மேலே சொன்ன வழி. கல்யாண மண்டபத்தில் மட்டும் எடுபடவில்லை என்றால் அது பெர்ஃப்யூமின் குற்றமல்ல. மல்லிகையும் சந்தனமும் ஹோமப் புகையும் சாம்பார் மணமும் சேர்ந்த இடத்தில் மென்மையான எதுவும் எடுபடாது. அங்கே அத்தர் போட்டுக்கொண்டு வந்த பெரியவர்தான் ஜெயிப்பார்.

மூன்றிலும் நான்காவது மணி நேரம் பிடிக்கவில்லை என்றால் மரம் உங்களுக்கானது அல்ல. பழகிவிடும் என்று முழுக் குப்பியைத் தீர்க்க வேண்டியதில்லை, வேண்டியவருக்குக் கொடுத்துவிடுங்கள். முதல் இருபது நிமிடத்துக்காகவே இதை விரும்பினீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது 1966-இல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா செய்த ஓ சவாஜ் போன்ற சிட்ரஸ் வகை, அல்லது நேரடியாகக் கொலோன். சட்டைப்பையில் சின்னக் குப்பியாக வைத்துக்கொண்டு மதியம் இன்னொரு முறை பூசிக்கொள்ளலாம். கடைசி நான்கு மணி நேரம் மட்டுமே பிடித்ததென்றால் உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் ஊரில் செப்புக் கலத்தில் வடிக்கும் ரூஹ் கஸ், அதாவது பச்சை நிற வெட்டிவேர் அத்தர், இருக்கிறது. அதில் போலி இன்னும் அதிகம் என்பதால், பெரிய குப்பியில் கை வைக்கும் முன் இரண்டு மூன்று மில்லிலிட்டர் மட்டும் வாங்கி, இதே முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள்.